நிலை: ஏழு ஊர்களில் உள்ளது

பென்னாகரம் கிடங்குக்கு வந்தவை பன்னிரண்டு.
பேறுகாலப் பராமரிப்புக் கையேடு, கெட்டி அட்டை.
பதினொன்று பஸ் ஏறிப் போய்விட்டன.
பன்னிரண்டாவது பங்குனி முழுக்க
பிளீச்சிங் பவுடர் மூட்டைக்கு அடியில் கிடந்தது.
வரவு எழுதியவன் நான்.
பற்று எழுத வழியில்லை,
அது மலைக்குப் போக வேண்டிய பிரதி.

மலைக்கு ஜீப் ஏறாது.
பச்சியப்பனின் கழுதை ஏறும், ரேஷன் அரிசியோடு,
மாதத்துக்கு ஒரு நடை.
"புக்கா? எடை எவ்ளோ சார்?"
ஒன்றேகால் கிலோ.
"அப்ப அந்தப் பக்கமும் ஒன்னேகால் போடணும்.
இல்லன்னா ரெண்டாம் வளைவுல சாக்கு சரியும்."
ஒரு கிலோ உப்பு வாங்கிக் கொடுத்தேன்.
கால் கிலோவுக்கு அவரே ஒரு கல்லைத் தேடி எடுத்தார்,
வழவழப்பாய், கழுதைக்கு உறுத்தாததாய்.
உப்புக்கு ரசீது உண்டு.
கல்லுக்கு எந்தப் பத்தியிலும் இடமில்லை.

ஆவணியில் இருப்புச் சரிபார்க்க
மூன்று மணி நேரம் நடந்தேன்.
செவிலியர் மாதேஸ்வரி அலமாரியைத் திறந்து
இரண்டு அட்டைகளை எடுத்துக் கொடுத்தார்.
உள்ளே ஒன்றுமில்லை,
கொட்டையெடுத்த புளியங்காய்.

"கிழிச்சுட்டீங்களா?"
"பிரிச்சேன் சார். ஊர் ஏழு, நான் ஒருத்தி.
வலி வர்ற வீட்டுக்கு நான் போய்ச் சேர்றதுக்குள்ள
பாதி நேரம் புள்ள பொறந்துடுது."

வலிப்புக்கான பக்கங்கள் ஒட்டுப்பாறையில்.
மூச்சுவிடாத பிள்ளைக்கானவை
மேல்கொட்டாயில், அங்கன்வாடி டப்பாவில்.
'உடனே 108ஐ அழைக்கவும்' என்ற பக்கம்
டவர் கிடைக்கிற பாறைக்குப் பக்கத்து வீட்டில்.
அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.
நான்தான் சிரித்துவிட்டு
தண்ணீர் கேட்டேன்.

உதிரப்போக்குப் பக்கங்களைக் காட்டினார்.
சாக்குத் தைக்கும் நூலால் தைத்தவை.
'கருப்பை சுருங்கியுள்ளதா எனத் தொட்டு உறுதி செய்க.'
ஓரத்தில் பென்சிலில் அவர் கையெழுத்து:
தேங்காய் மாதிரி இருந்தா சரி.
களி மாதிரி இருந்தா தேய். விடாம தேய்.
'குருதியிழப்பு 500 மி.லி.க்கு மேல்' என்ற இடத்தில்:
பாமாயில் பாக்கெட்டில் பாதி.
அதன் கீழே, மூலையிலிருந்து பரவி,
காய்ந்த பழுப்பாய் ஒரு கறை.

ஆனி மாதம், மழை.
தொட்டம்மாவுக்கு இரண்டாவது பிள்ளை.
நஞ்சுக்கொடி விழுந்தது, ரத்தம் நிற்கவில்லை.
மாதேஸ்வரி வேறொரு ஊரில், வேறொரு வீட்டில்.
உதவிக்கு இருந்த சிக்கம்மாவுக்குப் படிக்க வராது.
புருஷன்காரன் கெம்பன், அஞ்சாவது வரை,
கதவுக்கு வெளியே முதுகைக் காட்டி நின்று
டார்ச்சைப் பல்லில் கடித்து,
பிறகு படிக்க வாய் வேண்டுமென்று கக்கத்தில் இடுக்கி,
எழுத்துக் கூட்டிப் படித்தான்.
அச்சடித்த வரி அவனுக்கு ஓடவில்லை.
'உ-று-தி' என்று நின்றது.
பென்சில் வரி ஓடியது.
களி மாதிரி இருந்தா தேய்.
விடாம தேய்.
வேறொன்றும் படிக்கவில்லை அவன்.
அதையே திரும்பத் திரும்ப,
சிக்கம்மாவின் கைக்கு ஏற்ற வேகத்தில்,
தொட்டம்மாவின் வயிறு தேங்காய் ஆகும்வரை.
நாக்குக்கு அடியில் மாத்திரைகள்.
விடியலில் கம்பளியும் மூங்கிலும், நாலு தோள்,
அடிவாரத்தில் காத்திருந்தது வண்டி.

"இங்கதான் இருக்கா, பாக்கறீங்களா?"
வேண்டாம் என்றேன். ஏன் என்று தெரியவில்லை.
மேசையில் மிச்சப் பக்கங்கள்
காற்றுக்குப் படபடத்தன.
மேலே ஒரு கல் இருந்தது, வழவழப்பாய்.
எனக்கு அந்தக் கல்லைத் தெரியும்.

பதிவேட்டில் 'நிலை' என்றொரு பத்தி.
நல்லது, பழுது, கழிவு:
மூன்றில் ஒன்றைத்தான் எழுதலாம்.
ஏழு ஊர்களில் உள்ளது என்று எழுதினேன்.
எழுத்து கட்டத்தைத் தாண்டிப் போனது.

அடுத்த கோரிக்கையில் கேட்டிருக்கிறேன்:
தைக்காமல், அட்டை போடாமல்,
ஓரத்தில் இன்னும் கொஞ்சம் இடம் விட்டு அனுப்பவும்.
தைக்காத புத்தகத்தை எப்படி எண்ணுவீர் என்று
மாவட்டத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது.
பச்சியப்பனிடமிருந்து இன்னொன்று:
எடை எவ்ளோ சார்?